பொம்மையின் உயரமும் பெட்டியின் பெயரும்

உருமாறும் இயந்திர மனிதப் பொம்மை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். கையில் எடுக்கும்போது அது ஒரு கார். கதவுகளை விரித்து, முன்மூடியை மார்பாக மடித்து, பின்பகுதியை இரண்டாகப் பிரித்துக் கீழே இழுத்தால், அதே கார் இரண்டு கால்களில் எழுந்து நிற்கிறது. எந்தப் பாகத்தையும் கழற்றுவதில்லை. வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதும் இல்லை. காரில் இருந்த ஒவ்வொரு துண்டும் மனித உருவில் எங்காவது ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும். இந்தக் கட்டாயம்தான் இப்பொம்மையின் அழகு. ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்து விற்றுவந்த இரண்டு பொம்மை வரிசைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் உரிமம் பெற்று, 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற ஒரே பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று இவற்றை வைத்து விளையாடிய சிறுவர்கள் இன்று நடுவயதினர். அவர்களில் பலர் இன்றும் இவற்றை வாங்கி அலமாரியில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள்.

அவர்களுடைய பேச்சைச் சற்று நேரம் கேட்டால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்: கோர், டீலக்ஸ், வாயேஜர், லீடர், கமாண்டர், டைட்டன். இவை பொம்மைகளின் அளவு வகுப்புகள். கோர் என்பது ஏறத்தாழ 9 செ.மீ. உயரம், டீலக்ஸ் 14 செ.மீ.; வாயேஜர் 18 செ.மீ.; டைட்டன் 60 செ.மீ. அளவில் நிற்கும். 1996இல் வந்த 'பீஸ்ட் வார்ஸ்' வரிசையில் பேசிக், டீலக்ஸ், மெகா, அல்ட்ரா என்று இருந்த படிகள் காலப்போக்கில் பெயர் மாறின. டீலக்ஸ் என்ற பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது. சட்டையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவு குறிப்பதைப்போல இதுவும் ஓர் ஏற்பாடு என்று நீங்கள் எண்ணுவீர்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சட்டையின் அளவு உடம்பைப் பார்த்து வருவது. பொம்மையின் வகுப்போ விலையைப் பார்த்து வருவது. அளவின் பெயரை அணிந்துகொண்டிருக்கும் விலைப் படி அது. இந்த ஒன்றை மறந்துவிட்டுப் பொம்மை வாங்குகிறவர் ஏமாற்றம் அடைகிறார். மறக்காதவர் நல்ல பொறியியல் வேலைப்பாட்டைக் கண்டு மகிழ்கிறார்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 18ஐ 14ஆல் வகுத்தால் 1.28 வருகிறது. வாயேஜர் பொம்மை டீலக்ஸ் பொம்மையைவிடக் கால் பங்குக்குச் சற்றே கூடுதலான உயரம் உடையது, அவ்வளவுதான். ஆனால் 2007இல் முதல் திரைப்படம் வெளிவந்த சமயம் டீலக்ஸின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 10 டாலர். வாயேஜருக்கு ஏறத்தாழ 20 டாலர். கால் பங்கு உயரத்துக்கு இரட்டிப்பு விலையா என்று கேட்கத் தோன்றும். உயரம் 1.28 மடங்கானால், அகலமும் கனமும்கூட அதே மடங்கு கூடுகின்றன. 1.28ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 2.1 வரும். பொருளின் பருமன் இருமடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்நாளைய விலை நியாயமானதே. நம் கண் உயரத்தை அளக்கிறது. தொழிற்சாலையோ பருமனை அளக்கிறது. கடையில் நின்று 'இதற்கா இந்த விலை' என்று முணுமுணுக்கும் தகப்பனாருக்கும் பொம்மை செய்தவருக்கும் இடையில் நிற்பது ஒரு கன மூலம்தான்.

இந்த நியாயம் பிறகு குலைந்தது. 2023 அளவில் டீலக்ஸ் ஏறத்தாழ 25 டாலர், வாயேஜர் 35 டாலர், லீடர் 55 டாலர் என்றாயிற்று. சிறியதன் விலை இரண்டரை மடங்கு ஏறியிருக்க, அடுத்ததன் விலை ஒன்றேமுக்கால் மடங்குதான் ஏறியிருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பிளாஸ்டிக் மட்டுமே செலவாக இருந்தால் விலை பருமனைப் பின்பற்றும். ஆனால் திருகாணி முடுக்கும் கைக்கும், கண்ணுக்குச் சாயம் வைக்கும் கைக்கும் கூலி உண்டு. அச்சு வெட்டவும் பெட்டி செய்யவும் செலவு உண்டு. இவை பொம்மை சிறுத்த அளவுக்குச் சிறுப்பதில்லை.

இனி அலமாரிக்கு வருவோம். சேகரிப்பவருக்கு ஓர் ஆசை உண்டு. கதையில் பெரியவன் அலமாரியிலும் பெரியவனாக நிற்க வேண்டும். சிறியவன் சிறியவனாக நிற்க வேண்டும். எளிய ஆசைதான். ஆனால் பிறக்கும்போதே இப்பொம்மைக் குடும்பத்தில் இந்த ஆசைக்கு இடமில்லாமல் போயிற்று.

டகாராவின் இரண்டு வரிசைகள் என்றேனல்லவா? முதலாவது 1980இல் தொடங்கிய 'டயாக்ளோன்'. அதில் 1982 முதல் வந்த கார்கள் உயிருள்ள இயந்திரங்கள் அல்ல. ஓட்டுநர் உட்கார்ந்து செலுத்தும் பொறிகள். காந்தப் பாதங்கள் கொண்ட ஒரு குட்டி மனிதப் பொம்மை உள்ளே அமர்வான். ஏட்டளவில் எல்லாமே 60இல் ஒரு பங்கு, 175 செ.மீ. மனிதனை 60ஆல் வகுத்தால் 3 செ.மீ. கிடைக்கும், ஓட்டுநர் பொம்மையும் ஏறத்தாழ அந்த உயரந்தான். இரண்டாவது வரிசை 1983இல் வந்த 'மைக்ரோ சேஞ்ச்'. இதன் கற்பனை வேறு. இங்கே குட்டி மனிதர்கள் நிஜமாகவே குட்டி மனிதர்கள். நம் வீட்டுப் பொருள்களிடையே வாழ்கிறவர்கள். ஆகவே அவர்களுடைய பொறிகள் நம் வீட்டுப் பொருள்களாகவே மாறும்: கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர், அதனுள் போடும் சிறு கேசட். அளவு ஒன்றுக்கு ஒன்று. பொம்மைத் துப்பாக்கி உண்மைத் துப்பாக்கியின் அளவையே தழுவியது.

என் கருத்தில் இந்த மைக்ரோ சேஞ்ச் வரிசைதான் பொம்மை உலகிலேயே நாணயமான கற்பனை. 'இது சிறிதாக்கப்பட்ட வேறொன்று' என்று அது சொல்லவில்லை. 'இது இதுவேதான், இந்த அளவேதான்' என்றது. ஆனால் ஹாஸ்ப்ரோ இரண்டு வரிசைகளையும் ஒரே கதைக்குள் இழுத்துப் போட்டது. 60இல் ஒரு பங்கான லாரி ஆப்டிமஸ் பிரைம் என்ற நல்ல தலைவனாயிற்று. முழு அளவான துப்பாக்கி மெகாட்ரான் என்ற தீய தலைவனாயிற்று. இருவரும் சமமாக நின்று சண்டையிட வேண்டும்! தொலைக்காட்சிச் சித்திரத்தில் மெகாட்ரான் துப்பாக்கியாகும்போது சுருங்கினான், மறுபடி மனித உருவில் பெருத்தான். எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

நாம் கேட்போம். உருமாறும்போது நிறை மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இயந்திர மனிதர்களும் ஒரே சராசரி அடர்த்தியும் ஒரே உடல்வாகும் உடையவர்கள் என்றும் கொள்வோம். அப்படியானால் உயரங்களின் விகிதம், நிறைகளின் விகிதத்துடைய கன மூலமாகும். பம்பிள்பீ என்னும் சிறு வீரன் 1984இல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காராக வந்தான். அந்தக் கார் சுமார் 800 கிலோ. ஸ்டார்ஸ்கிரீம் எஃப்-15 போர் விமானம். வெற்று விமானத்தின் நிறை சுமார் 12,700 கிலோ. விகிதம் ஏறத்தாழ 16. அதன் கன மூலம் 2.5. ஆகவே ஸ்டார்ஸ்கிரீம் பம்பிள்பீயைப்போல இரண்டரை மடங்கு உயரம் இருக்க வேண்டும். மெகாட்ரான் வால்தர் பி-38 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி. நிறை சுமார் 800 கிராம். காருக்கும் அதற்கும் விகிதம் 1000. கன மூலம் 10. பம்பிள்பீயின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் அந்தப் பேரரக்கன்! பம்பிள்பீ டீலக்ஸ் வகுப்பில் 14 செ.மீ. நின்றால், மெகாட்ரான் 1.4 செ.மீ. நிற்பான், அலமாரியில் அவனைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

இப்போது கடையில் கிடைப்பதைப் பாருங்கள். பம்பிள்பீ பெரும்பாலும் டீலக்ஸ்; ஸ்டார்ஸ்கிரீம் பெரும்பாலும் வாயேஜர். இரண்டரை மடங்காக இருக்க வேண்டிய விகிதம் 1.28. கணக்குப்படி போனால் 14 செ.மீ. பம்பிள்பீக்குத் துணையாக 35 செ.மீ. ஸ்டார்ஸ்கிரீம் வேண்டும். அதற்குரிய பருமனும் விலையும் எப்படி ஏறும் என்பது மேலே கண்ட கணக்கிலிருந்து உங்களுக்கே விளங்கும்.

2007 திரைப்படத்தை எடுத்தவர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதை இங்கே பாராட்டவேண்டும். சுருங்குவதும் பெருப்பதும் கூடாது என்று முடிவுசெய்தார்கள். ஆப்டிமஸ் பிரைம் உயர்ந்து நிற்கவேண்டுமானால் லாரியும் பெரிதாக வேண்டும். ஆகவே பழைய தட்டை முக லாரியை விட்டுவிட்டு, நீண்ட மூக்குடைய பீட்டர்பில்ட் 379 லாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். 28 அடி உயர இயந்திர மனிதன் கிடைத்தான். மெகாட்ரான் துப்பாக்கியாக இல்லாமல் வேற்றுலக விமானமானான். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பௌதிகம் தெரிந்தவர்கள் சுளித்திருக்க மாட்டார்கள். (பொம்மைத் துப்பாக்கிகளுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்று அமெரிக்கா 1988இல் சட்டம் இயற்றியதும் அந்த வடிவத்துக்குப் பாதகமாயிற்று; பின்னால் வந்த மெகாட்ரான் பொம்மைகள் பெரும்பாலும் டாங்கிகளே.)

அப்படியானால் வகுப்பு முறை முழுவதும் பொய்யா? இல்லை. நம் கோயில் சிற்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தெய்வம் பெரிது, பரிவாரம் சிறிது, அது செ.மீ. கணக்கன்று, மதிப்புக் கணக்கு. தலைவனுக்கு வாயேஜர், தொண்டனுக்கு டீலக்ஸ் என்பதும் அத்தகைய மதிப்புக் கணக்குத்தான். அதைவிட முக்கியமான வேறொரு பயனும் வகுப்புக்கு உண்டு, அது தரப்படுத்தல். 2015இல் வந்த 'காம்பைனர் வார்ஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாயேஜர் உடலாகிறது. நான்கு டீலக்ஸ்கள் கைகளும் கால்களும் ஆகின்றன. ஐந்தும் சேர்ந்து ஒரு பூதம். எந்த டீலக்ஸும் கையாகலாம், எதுவும் காலாகலாம், ஒரு பூதத்தின் காலை மற்றொன்றுக்குக் கையாக மாட்டலாம். எல்லா டீலக்ஸ்களும் ஓரளவினவாக, ஒரே மாதிரி இணைப்போடு இருந்ததால்தான் இது நடந்தது. ஹெலிகாப்டரும் பந்தயக் காரும் ஒரே உயரமா என்று கேட்டுச் சிரிப்பவர், அந்தப் பொய்யால் கிடைத்த விளையாட்டையும் சேர்த்து எடைபோட வேண்டும். பொம்மைக் கைகளில் ஆயுதம் செருகும் 5 மி.மீ. துளையும் அப்படித்தான். 1974இல் வந்த மைக்ரோமேன் பொம்மைகளின் காலத்திலிருந்து வரும் அளவு அது. டீலக்ஸின் சிறு முஷ்டியிலும் லீடரின் பெரு முஷ்டியிலும் அதே துளை. ஆகவே சின்னவனின் வாளைப் பெரியவன் பிடிக்கலாம்.

அளவு மாறினால் உருவம் மட்டுமா மாறுகிறது? மூட்டும் மாறவேண்டும். இதைச் சேகரிப்பவர்கள் கையால் அறிவார்கள். ஏன் என்று கேட்பதில்லை. பொம்மையின் கையை நேரே நீட்டி நிறுத்துங்கள். கையின் எடை அதைக் கீழே இழுக்கிறது. தோள் மூட்டிலுள்ள உராய்வு அதைத் தாங்குகிறது. பொம்மையை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால், கையின் எடை 8 மடங்காகிறது, நீளம் 2 மடங்காகிறது. கீழே திருப்பும் திறன் 16 மடங்கு. தாங்கும் பக்கத்தில், உரசும் பரப்பு 4 மடங்கு, மூட்டின் ஆரம் 2 மடங்கு. அழுத்தம் மாறாவிட்டால் தாங்கும் திறன் 8 மடங்கு. 16க்கு எதிராக 8. பெரிய பொம்மையின் கை தொங்கிப்போவதற்கு இதுவே காரணம். 1638இல் வெளியான தம் நூலில் கலீலியோ இரண்டு எலும்புகளை வரைந்து காட்டினார். பெரிய விலங்கின் எலும்பு நீளத்தில் மட்டும் வளர்ந்தால் போதாது, விகிதத்தை மீறிப் பருக்க வேண்டும் என்றார். பொம்மையின் தோள் மூட்டும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது.

ஆகவே சிறிய வகுப்பில் பந்து மூட்டு போதும். ஓர் உருண்டையைக் கிண்ணத்தில் அழுத்திவிட்டால் நிற்கும். 'பீஸ்ட் வார்ஸ்' பொம்மைகள் தாராளமாகக் கையைக் காலை வளைத்து நின்றதற்கு இந்தப் பந்து மூட்டுகளே காரணம். பெரிய வகுப்பில் பல்சக்கரமும் அதன்மேல் சாயும் நாக்கும் வைத்த மூட்டு வேண்டும். திருப்பும்போது 'டக் டக்' என்று ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டுச் சேகரிப்பவர்கள் உயர்ந்த வேலை என்று மகிழ்வார்கள். உண்மையில் அது உராய்வு தோற்றுப்போனதன் ஒலி. பல்லுக்குப் பல் தாவுவதால் இடைப்பட்ட நிலைகளில் கை நில்லாது; டைட்டன் பொம்மைகள் சற்று விறைப்பாகவே நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு குறைகூறல்: 'முன்கை உள்ளே வெற்றாக இருக்கிறது, முதுகு குழிந்திருக்கிறது, ஏமாற்றுகிறார்கள்.' இதில் பாதி உண்மை. உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி ஆறவைப்பதே இப்பொம்மைகளைச் செய்யும் முறை. சுவரின் தடிமன் இரட்டித்தால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தடித்த இடம் ஆறும்போது உள்வாங்கி மேற்பரப்பில் பள்ளம் விழுகிறது. ஆகவே பெரிய பொம்மை கெட்டியாக இருக்கவே முடியாது. மெல்லிய சுவர்களால் ஆன பெட்டியாகத்தான் இருக்கவேண்டும். பெட்டியாக இருப்பது குற்றமன்று. பெட்டியின் ஒரு பக்கச் சுவரை வைக்காமல் விடுவதே குற்றம். மூடும் துண்டு ஒன்று வைத்தால் ஓர் அச்சும் ஒரு திருகாணியும் கூடும். அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். 2012 அளவில் வந்த டீலக்ஸ்கள் முன்னவற்றினும் சிறுத்து, வெற்றுக் கைகளோடு வந்தபோது சேகரிப்பவர்கள் கூச்சலிட்டது நியாயமே. பெயர் அதே டீலக்ஸ். உள்ளே இருக்கும் பொருள் குறைந்துவிட்டது.

பெயர் நின்று பொருள் நழுவிய கதையில் உச்சம் லீடர் வகுப்பு. 2007இல் லீடர் ஆப்டிமஸ் ஏறத்தாழ 10 அங்குலம். விளக்கெரியும், குரல் கொடுக்கும். வாயேஜர் பக்கத்தில் நின்றால் அண்ணன் என்று தெரியும். 2019இல் 'சீஜ்' வரிசையின் லீடர்களைப் பாருங்கள். அல்ட்ரா மேக்னஸ் என்பவனின் உள்ளே இருப்பது சிறியதோர் இயந்திர மனிதன். அவன்மேல் கவசத் துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினால்தான் லீடர் ஆகிறான். மேக்னஸுக்காவது சாக்கு உண்டு. 1986இல் வந்த மூலப் பொம்மையே அப்படித்தான், உள்ளே வெள்ளை லாரி மனிதன், வெளியே கவசம். ஷாக்வேவுக்கு என்ன சாக்கு? வாயேஜர் அளவு உடல் ஒன்றும், காலுக்கும் முதுகுக்கும் மாட்டிவிடும் துண்டுகளும் சேர்ந்து லீடர் என்று பெட்டிக்குள் போயின. துண்டுகளைக் கழற்றி வைத்தால் அலமாரியில் நிற்பது வாயேஜர். அதன் பிறகு வந்த லீடர்கள் பலவற்றின் உயரம் 7 அங்குலம், 7½ அங்குலம் என்ற அளவிலேயே இருக்கிறது. வாயேஜரின் உயரமும் 7 அங்குலம்தானே. 20 டாலர் கூடக் கொடுத்து அரை அங்குலம்! 2021இல் கமாண்டர் வகுப்பில் வந்த ரோடிமஸ் பிரைமிடமும் இதே தந்திரம். அவன் தலைக்குமேல் வளரவில்லை, இழுவண்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

இங்கே என் முறையீடு விலையைப் பற்றியதன்று. துண்டுகள் சேர்ந்தால் செலவுண்டு, செலவுக்கு விலையுண்டு. முறையீடு உருமாற்றத்தைப் பற்றியது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கட்டாயத்தை நினைவுகூருங்கள்: கழற்றுவதில்லை, சேர்ப்பதில்லை. கவசத் துண்டுகளைப் பிடுங்கி, வேறிடத்தில் செருகி வாகனமாக்குவது உருமாற்றம் ஆகாது. அது கட்டடம் கட்டும் பொம்மை. பெரிய வகுப்பின் அதிகப் பிளாஸ்டிக்கை அதிகப் புத்திசாலித்தனமாக்குவதற்குப் பதில், அதிகத் துண்டுகளாக்கிவிட்டார்கள். குழந்தையின் கையில் அந்தத் துண்டுகள் எத்தனை நாள் தொலையாமல் இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அளவுக் கணக்கைச் சீராகக் கொண்டுபோக முயன்றவர்களும் இல்லாமலில்லை. டகாரா டோமி நிறுவனம் பெரியவர்களுக்கென்றே நடத்தும் 'மாஸ்டர்பீஸ்' வரிசையில், 2003இல் வந்த முதல் ஆப்டிமஸ் பிரைம் மிகப் பெரியது; அதே கணக்கில் மற்றவர்களைச் செய்தால் அலமாரி தாங்காது. 2011இல் அதே தலைவனைச் சிறிதாக்கி மறுபடி செய்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அவனுக்குப் பொருந்தும் அளவில் கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. விலைதான் சாமானியர்க்கு எட்டாதது. 2018இல் ஹாஸ்ப்ரோ தொடங்கிய 'ஸ்டூடியோ சீரிஸ்' வேறு வழி கண்டது. திரைப்படத்தில் யார் எவ்வளவு உயரமோ அந்த விகிதத்தைத் தழுவிப் பொம்மைகள் நிற்கவேண்டும் என்றது. அதன் விளைவு என்ன தெரியுமா? ஒரே டீலக்ஸ் வகுப்பில் ஒருவன் குள்ளம், ஒருவன் நெட்டை. குள்ளனுக்குப் பிளாஸ்டிக் மிஞ்சும் அல்லவா? அதைக் கூடுதல் மூட்டாகவும் கூடுதல் மடிப்பாகவும் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். வகுப்பு என்பது விலைதான் என்று ஒப்புக்கொண்டு, அதன் நல்ல பயனை எடுத்துக்கொண்ட வரிசை இது. குள்ளப் பம்பிள்பீயைக் கையில் எடுத்து உருமாற்றிப் பாருங்கள். நெட்டையனைவிட நுணுக்கமாக மடிவான். உயரத்தை மட்டும் பார்த்து அவனை விட்டுவிட்டுப் போகிறவர் இழப்பது அந்த மடிப்பைத்தான்.

டைட்டன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் வந்த மெட்ரோப்ளெக்ஸ் கதையில் ஒரு நகரமாகவே மாறுபவன். பொம்மையில் ஒரு டீலக்ஸைப்போல நான்கு மடங்கு உயரம். காரின் நான்கு மடங்கு நகரமாகுமா என்று கணக்குக் கேட்க வேண்டாம். 2019இல் முன்பணம் திரட்டிச் செய்த யூனிக்ரான் ஒரு கிரகம். 27 அங்குலம், 575 டாலர், வேண்டுமென்று பணம் கட்ட 8000 பேர் சேர்ந்தால்தான் செய்வோம் என்று நிபந்தனை. சேர்ந்தார்கள். விளையாட்டுப் பொருள் என்பதைத் தாண்டி அது வீட்டுச் சாமானாகிவிட்டது.

மறு கோடியில் இருக்கும் சின்னஞ்சிறு வகுப்புகளை யாரும் விமர்சிப்பதே இல்லை. அங்கேதான் வடிவமைப்பாளரின் கை தெரிகிறது என்பேன். மூட்டுக்கு இடமில்லை, ஊசியைத் தேய்ப்பதுபோல் முளையைத் தேய்க்க முடியாது, அச்சுவேலையின் பிழை பொம்மை சிறுத்த அளவுக்குச் சிறுக்காது. ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்குப் பிழை, 60 செ.மீ. பொம்மையில் கண்ணுக்குத் தெரியாது; 7 செ.மீ. பொம்மையில் கதவு மூடாது. பத்து மடிப்பில் சொல்வதை நான்கு மடிப்பில் சொல்லியாக வேண்டும். அந்த நான்கும் சரியாக அமைந்த பொம்மையை ஆறு வயதுக் குழந்தை யார் துணையுமின்றி உருமாற்றும். பெரியவர்களின் 'மாஸ்டர்பீஸ்' பொம்மைக்குக் குறிப்புத் தாளை விரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராட நேரிடும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். சில ஆண்டுகள் முன்புவரை லெஜண்ட்ஸ் என்ற பெயரில் வந்த சின்ன வகுப்பில், 3 அங்குல, அதாவது 7½ செ.மீ. பம்பிள்பீ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய பொம்மைகள் விற்பவர்களிடம் கிடைக்கும், விலையும் குறைவு. அதை 18 செ.மீ. வாயேஜர் ஸ்டார்ஸ்கிரீமின் பக்கத்தில் நிறுத்துங்கள். 18ஐ 7½ஆல் வகுத்தால் 2.4. பீட்டில் காருக்கும் எஃப்-15 விமானத்துக்கும் நாம் கண்ட விகிதம் 2.5. எந்த வடிவமைப்பாளரும் திட்டமிட்டதன்று. இரண்டு விலைப் படிகள் தற்செயலாகக் கன மூலத்தில் போய் நின்றிருக்கின்றன.